உனக்காகத் தேய்த்த தட்டு

நேற்று என் கைபேசியின் உறையைக் கழற்றினேன். வாங்கியபோது கண்ணாடி போலத் தெளிவாக இருந்தது, வெயில் பட்டுப் பட்டு மஞ்சள் பூத்துவிட்டது. மகள் புதிய உறை ஒன்றை மேசையில் வைத்து, "அந்த அசிங்கத்தத் தூக்கிப் போடும்மா" என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். போடுவதற்கு முன் இரண்டு விரலால் வளைத்துப் பார்த்தேன். மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்தேன். பிளாஸ்டிக் கம்பெனியின் சோதனைக்கூடத்திலேயே பாதி ஆயுளைக் கழித்தவளுக்கு அந்தப் பழக்கம் எங்கே போகும்? மெல்லிய ரப்பர் வாசனை. அதோடு உன் ஞாபகமும் வந்துவிட்டது. இந்த உறையும் நம் நீலத் தட்டும் ஒரே வகைப் பிளாஸ்டிக். உனக்கு இது தெரிய வழியில்லை. விரலால் தொட்டுத் தேய்க்கும் இந்தப் போன்களும் இவற்றின் உறைகளும் வருவதற்கு முன்பே நீ போய்விட்டாய்.

அப்படியே உட்கார்ந்துவிட்டேன். சமையல் ஆகவில்லை. உனக்கு எழுதலாம் என்று தோன்றியது.

தொண்ணூறுகளின் கடைசியில், செங்கல்பட்டிலிருந்து மறைமலைநகருக்குப் போகும் கம்பெனிப் பேருந்தில்தான் நம் பழக்கம் தொடங்கியது. திண்டுக்கல்லிலிருந்து கல்யாணமாகி வந்திருந்த எனக்கு உன் பேச்சு பாதி புரியாது. முதல் நாள் என்னை ஜன்னலோரம் தள்ளி உட்காரச் சொல்லிவிட்டு, "இன்னா, புதுசா? எந்த டிபார்ட்டு?" என்று கேட்டாய். சோதனைக்கூடம் என்றேன். "ஓ, ஊசி குத்திப் பாக்குற எடமா" என்று சிரித்தாய். உனக்கு ஆய்வு வரிசையில் வேலை. கார்களுக்காக வார்த்து வரும் பிளாஸ்டிக் பாகங்களை ஓரம் ஓரமாகத் தடவிப் பார்த்து, பிசிறோ பள்ளமோ இருந்தால் ஒதுக்கி வைக்க வேண்டும். நாள் முழுக்க விரல்களுக்குத்தான் வேலை. கண்ணை மூடிக்கொண்டே செய்வேன் என்று பெருமை அடித்துக்கொள்வாய். செய்தும் காட்டுவாய்.

அந்த ஸ்வீடன்காரர் வந்தது அடுத்த வருஷம். புது வார்ப்பு இயந்திரத்தை நிறுவிக் கொடுக்க வந்தவர், மாமல்லபுரத்தில் அறை எடுத்துத் தங்கி, தினமும் காரில் வந்து போனார். மதிய இடைவேளையில் எல்லோரும் கேன்டீனில் சாப்பிட்டுக்கொண்டிருக்க, அவர் மட்டும் பின்பக்கத்துப் பொட்டலில் நின்று வட்டத் தட்டுகளை வீசி எறிவார். நடந்து போய்ப் பொறுக்குவார். மறுபடி எறிவார். மனுஷனுக்கு வெயில் தலைக்கேறிவிட்டது என்று ஆளாளுக்குச் சொன்னார்கள். நீதான் எழுந்து போனாய்.

"இன்னா சார் அது? குடு, ஒரு தபா நானும் வுட்றேன்."

அவருக்குத் தமிழ் தெரியாது. ஆனால் நீ நீட்டிய கை புரிந்தது. வாங்கி, தயிர்ப்பானையின் மூடியைச் சுழற்றுவது போல் ஒரு சுழற்று. தட்டு மேலே எழும்பி, வளைந்து, கேன்டீன் கூரையில் போய் விழுந்தது. சமையல் மாஸ்டர் கரண்டியோடு வெளியே ஓடி வந்து கத்தினார். ஸ்வீடன்காரர் கைதட்டினார். "அவளுக்கு நல்ல மணிக்கட்டு" என்று என்னிடம் ஆங்கிலத்தில் சொன்னார். நான் அதை உனக்குத் தமிழில் சொன்னபோது, "மாவாட்டுற மணிக்கட்டு, பின்ன எப்டி இருக்கும்?" என்றாய்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை மாமல்லபுரத்துக்கு வடக்கே, கடலோரச் சவுக்குத் தோப்பில் அவர் நமக்கு அந்த ஆட்டத்தைக் காட்டினார். கோல்ஃப் போலத்தான், பந்துக்கும் மட்டைக்கும் பதிலாகத் தட்டு. அவர் ஊரில் சங்கிலி தொங்கும் கூடைக்குள் எறிவார்களாம். நமக்குத் துணி கட்டிய சவுக்கு மரங்கள்தான் கூடைகள். ஒவ்வொரு மரத்தையும் யார் குறைந்த வீச்சில் தொடுகிறார்களோ அவர்களுக்கு வெற்றி. இயந்திரம் ஓடத் தொடங்கி அவர் ஊருக்குக் கிளம்பியபோது, தட்டுகளைப் பையோடு உன்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். என்னிடம் கொடுக்கவில்லை என்று எனக்கு அப்போது சின்னப் பொறாமை கூட இருந்தது.

பையில் இரண்டு வகைத் தட்டுகள். ஒரு வகை கண்ணாடி போலத் தெளிவானது, கெட்டியானது. மரத்தில் எத்தனை முறை மோதினாலும் மேலே கீறல் விழும், அவ்வளவுதான். மழை பட்டால் மட்டும் கையில் நிற்காமல் வழுக்கும். இன்னொரு வகை மங்கலானது, வாளி, குடம் செய்கிற பிளாஸ்டிக்கைப் போல. கையில் நன்றாகப் பிடிபடும். ஆனால் ஒவ்வொரு மரமும் அதன் விளிம்பில் ஒரு கடி வைத்துவிடும். மணலில் உரசினால் தேயும். வெயிலில் மொபெட் சீட்டின் மேல் விட்டுவிட்டால் நெளிந்து போகும்.

பறப்பதிலும் இரண்டும் இரண்டு விதம். நம்மைப் போல் வலக்கையால் வீசினால், வேகம் அடங்கும்போது தட்டு இடப்பக்கம் சாயும். தெளிவான தட்டு இன்றைக்கும் அப்படித்தான் சாயும், அடுத்த வருஷமும் அப்படித்தான். மங்கல் தட்டு அப்படியில்லை. புதிதில் இடப்பக்கம் சாயும். அடிபட அடிபடச் சாய்வு குறைந்து, ஒரு கட்டத்தில் கோடு போட்டது போல் நேராகப் போகும். அதற்கு மேலும் தேய்ந்தால் வலப்பக்கம் திரும்பத் தொடங்கிவிடும்.

நீ எடுத்துக்கொண்டது மங்கல் சிவப்பு. நான் தெளிவான நீலம். அதை வைத்து நாம் போட்ட சண்டை கொஞ்சமா?

"உன் நீலம் எப்பப் பாரு ஒரே மாரி போவுது. போரடிக்கல?"

"அதுனாலதானே அது நல்ல தட்டு."

"இன்னா பண்ணப் போவுதுன்னு தெரிஞ்சிகினே வுட்றதுல இன்னா கீது?"

ஒரு நாள் அந்தச் சிவப்பைச் சாப்பாட்டுப் பையில் ஒளித்துச் சோதனைக்கூடத்துக்கே கொண்டு வந்துவிட்டாய். கதவைச் சாத்திவிட்டு, "டாக்டரம்மா, பேஷண்ட இட்டாந்துகிறேன்" என்று மேசையில் வைத்தாய். கடினம் பார்க்கும் கருவியின் ஊசியை வைத்து அழுத்திப் பார்த்தேன். பையில் கிடந்த, அதிகம் வீசாத இன்னொரு மங்கல் தட்டையும் பார்த்தேன். இரண்டும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பிறகு பூதக்கண்ணாடியில் விளிம்பைப் பார்த்தேன். அங்கேதான் மாற்றம் இருந்தது. கீழ் ஓரம் மழுங்கி, சின்னச் சின்னக் கடிகளோடு வேறு வடிவத்துக்கு வந்திருந்தது.

"பிளாஸ்டிக் மாறல. ஓரந்தான் மாறியிருக்கு. காத்து அதுல வேற மாதிரிப் படுது" என்றேன்.

"அப்போ ஆளு அதே ஆளு, மூஞ்சி மட்டும் வேற" என்று சொல்லி, தட்டை முந்தானையால் துடைத்து எடுத்துக்கொண்டு போனாய்.

எத்தனையோ ஞாயிறுகள். என் மகளை மாமியாரிடம் விட்டுவிட்டுச் செங்கல்பட்டிலிருந்து நான் பேருந்தில் வருவேன். நீ உன் வீட்டுக்காரரின் மொபெட்டில் வருவாய். ரயில்வேயில் வேலை பார்த்த அந்த அமைதியான மனுஷன், நம்மைத் தோப்பில் ஆட விட்டுவிட்டு ஒரு மரத்தடியில் துண்டை விரித்து, செய்தித்தாளை முகத்தில் போட்டுக்கொண்டு தூங்கிவிடுவார். சுடிதாரும் கேன்வாஸ் ஷூவுமாக இரண்டு பெண்கள் மரங்களைப் பார்த்துத் தட்டு எறிவதை, சிற்பம் பார்க்க வந்த வெளியூர்க்காரர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். நீ அவர்களைப் பார்த்துக் கையாட்டுவாய். அப்போதெல்லாம் உன் சிவப்பு நேராகப் போய்க்கொண்டிருந்தது.

பிறகு அந்தக் கார்த்திகை மாதம். வாடைக் காற்று வடக்கிலிருந்து முகத்தில் அறைந்தது. கடைசி இலக்கு தோப்புக்கு வெளியே மணலில் நிற்கும் ஒற்றைப் பனை. அதை நோக்கி வடக்கே வீச வேண்டும், வலப்பக்கம் கடல்.

"நீலத்த எடுத்துக்க. எதிர்காத்துல சிவப்பு நிக்காது. வலப்பக்கம் திரும்பிக் கடல்ல விழும்" என்றேன்.

"சிவப்பே போதும்."

"சொன்னாக் கேளு."

"வுட்றி. நான் பாத்துக்கறேன்."

வீசினாய். கிளம்பியபோது அழகாகத்தான் கிளம்பியது. பாதி தூரத்தில் காற்று விளிம்பைத் தூக்கியது. தட்டு வலப்பக்கம் புரண்டு, இன்னும் புரண்டு, அலைகளுக்கு அப்பால் போய் விழுந்தது. சிவப்பாக ஒரு தடவை தெரிந்தது. அப்புறம் இல்லை.

நாம் தண்ணீரோரம் ஓடினோம். வலை பிரித்துக்கொண்டிருந்த மீன்காரர் ஒருவர் நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னாமா தேடிகினு கீறீங்க?"

"தட்டுண்ணா. செவப்புத் தட்டு, உள்ள வுழுந்துட்ச்சி" என்றாய்.

"தட்டா? துன்ற தட்டா?"

"இல்லண்ணா, வெளாட்ற தட்டு."

அவர் ஒன்றும் புரியாமல் இடுப்பளவு தண்ணீரில் இறங்கிக் காலால் துழாவிப் பார்த்தார். "நீரோட்டம் இஸ்துகினு போய்ருக்கும்மா. நாளைக்கு எங்கியாச்சும் ஒதுங்கினா எடுத்து வெக்கறேன்" என்றார். அது ஒதுங்கவே இல்லை.

எனக்குக் கோபம். "நீலத்த எடுன்னு தலப்பாடா அடிச்சுக்கிட்டேன். ஏன் கேக்கல?" என்றேன். நீ மணலில் உட்கார்ந்தாய். சிரிக்கவில்லை. வலக்கையை என் முன்னால் நீட்டினாய். முட்டிகள் வீங்கிச் சிவந்திருந்தன.

"நீலம் கைல நிக்கலடி. கெட்டியா கீது, வழுக்குது. இறுக்கிப் புடிச்சா உயிர் போவுது. செவப்பு ஒண்ணத்தான் புடிக்க முட்ஞ்சுது."

எப்போதிலிருந்து என்று கேட்டேன். ரொம்ப நாளாக என்றாய். ஆய்வு வரிசையில் விரல் நுனியை விட்டுவிட்டு உள்ளங்கையால் தடவிச் சமாளித்துக்கொண்டிருந்தாயாம். சூப்பர்வைசருக்குத் தெரிந்தால் வரிசையிலிருந்து எடுத்துவிடுவார்கள் என்று யாரிடமும் சொல்லவில்லை. தினமும் உன் பக்கத்தில் உட்கார்ந்து பேருந்தில் போன எனக்கும் தெரியவில்லை.

மூட்டுவாதம் என்றார் டாக்டர். ரத்தத்திலேயே இருக்கிற வகை. மாத்திரைகள் வலியை அடக்கின, விரல்களின் பலத்தைத் திருப்பித் தரவில்லை. நீ பயந்தபடியே உன்னை ஆய்வு வரிசையிலிருந்து எடுத்து, அட்டைப்பெட்டிகளில் சீட்டு ஒட்டும் இடத்தில் உட்கார வைத்தார்கள். "நல்லதாப் போச்சு, ஃபேன் காத்து வருது" என்றாய். அன்றைக்குத் திரும்பி வரும்போது மறைமலைநகரிலிருந்து செங்கல்பட்டு வரை கையை முந்தானைக்குள்ளேயே வைத்திருந்தாய்.

நான் பேருந்து நிலையத்துக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டருக்குப் போய், ஸ்வீடன்காரருக்கு மின்னஞ்சல் அனுப்பினேன். அதே தட்டு, அதே மங்கல் பிளாஸ்டிக், முடிந்தால் அதே சிவப்பு. மனுஷன் மறக்கவில்லை. கொஞ்ச நாளில் பார்சல் வந்தது. நிறம், எடை, அச்சு எல்லாம் அச்சு அசலாக அதுவேதான். அந்த ஞாயிறு தோப்பில் அதை உன் கையில் கொடுத்தபோது நான் எவ்வளவு சந்தோஷமாக இருந்தேன் தெரியுமா.

வீசினாய். வேகம் இல்லாத வீச்சு. புதுத் தட்டு கையை விட்ட உடனேயே இடப்பக்கம் சாய்ந்து முள்வேலிக்குள் போய் விழுந்தது. மறுபடி வீசினாய், மறுபடியும் வேலி. மூன்றாம் முறை வீசாமல் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாய்.

"இது நம்ம தட்டு இல்லடி. இதுக்கு வேகம் கேக்குது. எங்கிட்ட ஏது?"

"அடிபடணும். அடிபட்டா நேரா வரும்" என்றேன். "எங்கிட்ட குடு. நான் வீசி வீசி உனக்குப் பழசாக்கித் தரேன்."

"பழசாக்கித் தரியா?" என்று கேட்டுவிட்டு நீ சிரித்த சிரிப்பு இன்னும் காதில் இருக்கிறது. "புது சாமான் வாங்கிக் குடுக்கறவங்களப் பாத்துகிறேன். பழசாக்கிக் குடுக்கறேன்ற ஆள இப்பதான் பாக்கறேன்."

அதன் பிறகு ஞாயிறுகளில் நான் மட்டும் வீசினேன். நீ மடக்கு நாற்காலியில் பிளாஸ்க்கோடு உட்கார்ந்து, "இன்னும் தாழ வுடு", "மரத்த பாத்து அடி, நேக்காப் போவாத" என்று கத்துவாய். வேண்டுமென்றே மரங்களில் மோதவிட்டேன். மணலில் சறுக்கவிட்டேன். ஆனால் நான் நினைத்ததை விட அது ரொம்பப் பிடிவாதமாக இருந்தது. அவசரத்தில், பையில் இருந்த வேறொரு மங்கல் தட்டின் விளிம்பை உப்புத்தாளால் தேய்த்துப் பார்த்தேன். அது பறக்கவே இல்லை. நடுங்கிக்கொண்டே போய் விழுந்தது. மரமும் மணலும் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்ததை உப்புத்தாளால் ஒரே நாளில் செய்ய முடியவில்லை. நீ கோபித்துக்கொண்டாய்.

"எம்மேல பாவம் பாத்துகினு தட்ட சாவடிக்காத. அது பறந்து பறந்தே பழசாவட்டும். நான் எங்க போய்டப் போறேன்?"

பிறகு உன்னால் தோப்புக்கு வர முடியவில்லை. மொபெட்டில் ஏறி இறங்க முழங்கால் இடம் கொடுக்கவில்லை. ஞாயிறு மதியம் நான் வீடு திரும்பியதும் போன் அடிக்கும். ஹலோ எல்லாம் கிடையாது.

"எவ்ளோ சாயுது?"

"இன்னும் கொஞ்சம் சாயுது."

"போன வாரத்துக்கு?"

"போன வாரத்த விடப் பரவால்ல."

"சரி, வுடு. அடுத்த வாரம் பாப்போம்."

எத்தனை அடுத்த வாரம்! சரியாகட்டும், சரியானதும் உன் கையில் கொடுக்கலாம் என்று நானும், சரியானதும் வீசலாம் என்று நீயும் காத்திருந்தோம். நடுவில் ஒரு தடவை உனக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்தது. வீட்டு வாசல் வரை வந்து நின்று என்னை வழியனுப்பினாய். தட்டு என் பையில்தான் இருந்தது. உன் தெருக்கோடியில் காலி மைதானமும் இருந்தது. எடுத்துக் கொடுக்க எனக்கும் தோன்றவில்லை, கேட்க உனக்கும் தோன்றவில்லை. இரண்டு பேரும் நேராகப் போகப்போகிற ஒரு தட்டைப் பற்றியே பேசிக்கொண்டிருந்தோம்.

ஐப்பசி மழையில் உனக்குக் காய்ச்சல் வந்தது. மாத்திரைகளால் ஏற்கெனவே எதிர்ப்பு இல்லாத உடம்பு. நுரையீரலில் இறங்கிவிட்டது என்றார்கள். நான் ஆஸ்பத்திரிக்கு வந்தபோது உன் முகத்தில் ஆக்சிஜன் குழாய் மாட்டியிருந்தது. பேச முடியவில்லை. புருவத்தை மட்டும் உயர்த்திக் கேட்டாய். என்ன கேட்கிறாய் என்று எனக்குப் புரிந்தது. "கொஞ்சந்தான் சாயுது" என்றேன். நீ கண்ணை மூடித் திறந்தாய். அதுதான் நாம் கடைசியாகப் பேசியது.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து எல்லோரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது, உன் வீட்டுக்காரர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"அந்தத் தட்டு ரெடி ஆய்ட்ச்சாமா?"

"இன்னும் இல்லண்ணா."

"வுட்டுடாதம்மா" என்றார்.

நான் விடவில்லை. ஒவ்வொரு வாரமும் போக முடியாவிட்டாலும் போய்க்கொண்டுதான் இருந்தேன். நீ போய் இரண்டாவது வருஷம், தை மாதத்து ஞாயிறு ஒன்றில், காற்றே இல்லாத காலையில், அலட்சியமாக, ஏதோ நினைப்பில், கையில் வேகமே இல்லாமல் அதை வீசினேன். மரங்களுக்கு நடுவே போனது. இப்போது சாயும், இப்போது சாயும் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். சாயவில்லை. தரையிலிருந்து ஒரே உயரத்தில், ஒரே கோட்டில் போய், துணி கட்டிய மரத்தின் அடியில் பூப்போல இறங்கியது. "பாத்தியா!" என்று கத்திக்கொண்டு திரும்பினேன். மடக்கு நாற்காலி போடுகிற இடத்தில் சவுக்குச் சருகு மட்டும் கிடந்தது.

அன்று மாலை உன் வீட்டுக்காரருக்குப் போன் செய்தேன். "அண்ணா, ரெடி ஆயிடுச்சு" என்றேன். "நான் ஒரு தபா வுட்டுப் பாக்கட்டுமா?" என்றார்.

அடுத்த ஞாயிறு மொபெட்டில் வந்தார். அத்தனை வருஷமும் மரத்தடியில் செய்தித்தாளை மூடிக்கொண்டு தூங்கிய மனுஷன், முதல் முறையாகத் தட்டைக் கையில் வாங்கினார். எப்படிப் பிடிப்பது என்று காட்டினேன். தூங்குவது போலப் படுத்துக்கொண்டு உன்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாராம், நிற்கும் விதம் தெரியும் என்றார். உன்னைப் போலவே இடது காலைப் பின்னால் வைத்து நின்றார். வீசினார். தட்டு தடுமாறிப் பத்தடியில் மண்ணில் குத்தி நின்றது. "அவ பாத்திருந்தா சிரிச்சிருப்பா" என்று சொல்லிச் சிரித்தார். போய் எடுத்து வந்தார். மறுபடி வீசினார். மூன்றாவதோ நான்காவதோ, அது அவர் கையை விட்டு, அந்தப் பலமில்லாத வீச்சிலேயே, நேராகப் போனது.

அவர் போய் அதை எடுத்து வந்தார். அதன் விளிம்பைத் தடவிக்கொண்டே கேட்டார்.

"சாஞ்சா சாயட்டும்னு அவ கைல ஒரு தபா குடுத்திருக்கலாம், இல்லம்மா? வேலிக்குள்ள போனா போவட்டும். நான் எடுத்தாந்து குடுத்திருப்பேன்."

குற்றம் சொல்லும் குரல் இல்லை அது. தன்னையே கேட்டுக்கொண்டது போல்தான் இருந்தது.

"குடுத்திருக்கலாம்ணா" என்றேன்.

தட்டை அவரிடமே கொடுத்துவிட்டேன். துண்டில் சுற்றி மொபெட்டின் பையில் வைத்துக்கொண்டு போனார். நான் கடற்கரைச் சாலைக்கு நடந்து வந்து, செங்கல்பட்டுப் பேருந்தில் ஏறி, ஜன்னலோரம் தள்ளி உட்கார்ந்தேன். வழியெல்லாம் அதையேதான் வாய்க்குள் சொல்லிக்கொண்டு வந்தேன். குடுத்திருக்கலாம். அந்த ஒரு சொல் இன்னும் என்னிடம்தான் இருக்கிறது.